பாதி ஏ.சி.யில் முப்பத்தைந்து நிமிடம்

போன வாரம் இளம் விமானிகளான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். துணை விமானியாகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். பேர் சொல்ல மாட்டேன், கூச்சப்படுவார். நான் அப்போது திண்டிவனம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், சரக்கு அறையில நெருப்புன்னா ஏ.சி.யை மொத்தமா நிறுத்திட வேண்டியதுதானே? காத்து உள்ள போனா நெருப்பு இன்னும் எரியுமே. அப்புறம் ஏன் ஒண்ணை மட்டும் ஓட விடச் சொல்றாங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கத்தரிக்காய்க்காரம்மா பையை நீட்டிக்கொண்டு நின்றதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. அதனால் அவருக்கு மட்டுமில்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் முப்பத்தைந்து வருடப் பணியில் நான் செய்யப்போன மிகப் பெரிய தப்பும் இதில் இருக்கிறது. செய்யவில்லை, செய்யப்போனேன். அந்த வித்தியாசத்துக்குக் காரணமானவர் நான் இல்லை.

முதலில் கேள்விக்குப் பதில். நான் ஓட்டிய விமானத்தில் கேபினுக்குக் காற்று கொடுக்க இரண்டு எந்திரங்கள் உண்டு. பேக் என்போம். உள்ளே இருக்கிற காற்றையே திரும்பச் சுழற்றிவிட விசிறிகள் தனியாக உண்டு. கீழே சரக்கு அறையில் நெருப்பென்று எச்சரிக்கை வந்தால், அங்கே அணைக்கும் வாயுவைத் திறந்துவிடுகிறோம். அந்த வாயு நெருப்பை அமுக்கி வைக்கும். ஆனால் சரக்கு அறை ஒன்றும் மூடி போட்ட பாட்டில் இல்லை. வாயு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மேலே காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு வேகமாகக் கீழே வாயு நீர்த்துப்போகும். அதனால் விசிறிகளை நிறுத்துகிறோம், ஒரு பேக்கை நிறுத்துகிறோம். இரண்டையும் நிறுத்தினால் மேலே இருக்கிறவர்களுக்குக் காற்றழுத்தம் போய்விடும், கீழே இருக்கிற புகை மேலே ஏறிவிடும். நெருப்புக்கு மூச்சு கொடுக்கக் கூடாது, ஆளுக்கு மூச்சு நின்றுபோகவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேக் ஓடுகிறது. விமானத்துக்கு விமானம் இது மாறும். உங்கள் செக்லிஸ்ட் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், என்னை நம்பிச் செய்யாதீர்கள்.

இது புத்தகத்தில் இருக்கிறது. இல்லாததை இனிமேல் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. வளைகுடாவிலிருந்து சென்னைக்குப் பகல் நேர விமானம், ஓர் இருக்கைகூடக் காலியில்லை. பாதிப் பேர் ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்கள். வலது இருக்கையில் துணை விமானியாக ஒரு பெண். முதல் முறையாக என்னோடு பறக்கிறார். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"ஊரு எதுங்கம்மா?" என்று கேட்டேன்.

"விழுப்புரம் சார்."

"விழுப்புரத்துல எங்க?"

"சொன்னா தெரியாது சார். முகையூர்."

"நான் திண்டிவனம். முகையூரைத் தெரியாதுன்னு எங்கிட்டயே சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். அப்பா நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிற விவசாயி என்றார். அதன் பிறகு அரபிக்கடல் மேலே ஒரு மணி நேரம் எந்த ஊர்ப் பேருந்து நிலையம் மோசம் என்று பேசிக்கொண்டு வந்தோம். நான் திண்டிவனத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அவர் விழுப்புரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சின் நடுவில்தான் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்தது. பின்பக்க சரக்கு அறையில் புகை.

நான் விமானத்தை ஓட்டினேன், அவர் செக்லிஸ்ட்டை எடுத்தார். வரி வரியாகப் படித்தார். வாயு திறந்தோம். விசிறிகள் நின்றன. ஒரு பேக்கை நிறுத்தினோம். பக்கத்தில் இறங்கக்கூடிய இடம் கோவா. கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம். இது எதிலும் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியில் நூறு தடவை செய்ததைக் கை தானாகச் செய்தது. அந்த நேரத்தில் பயம்கூட வராது. பயம் வருவது எல்லாம் முடிந்து, செய்ய ஒன்றுமில்லாமல் காத்திருக்கும்போதுதான்.

கேபின் பொறுப்பாளர் ஸ்டெல்லாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். பத்து வருடமாக இந்த வேலை செய்கிறவர். பயணிகளிடம் தொழில்நுட்பக் காரணத்தால் கோவாவில் இறங்குகிறோம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். இது என் முதல் சின்னத் தப்பு. பெரிய தப்புக்கு வழி போட்டது இதுதான்.

எட்டு நிமிடம் போயிருக்கும். சிவப்பு விளக்கு அணைந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. அணைந்துவிட்டது, நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைக் கவனியுங்கள். தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்த சில நிமிடத்தில் ஸ்டெல்லா கூப்பிட்டார்.

"கேப்டன், பின்னாடி ரொம்ப வெக்கையா இருக்கு. குழந்தைங்க அழுவுதுங்க. இருபத்தெட்டாவது வரிசையில ஒரு பெரியம்மாவுக்குத் தலை சுத்துது, தரையில படுக்க வச்சிருக்கோம். ஒருத்தரு எழுந்து நின்னுக்கினு சத்தம் போடறாரு. ஏ.சி. போடாம கொல்லப் பாக்குறீங்களான்னு கேக்குறாரு. கொஞ்சம் ஏதாவது பண்ண முடியுமா?"

வெயில் நேரம், ஆள் நிறைந்த கேபின், விசிறி இல்லை. இறங்க ஆரம்பித்து எஞ்சினை வேறு குறைத்தாயிற்று, ஓடுகிற பேக்கிலும் காற்று குறையும். வெக்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் தரையில் படுத்திருக்கிற அந்த அம்மா என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார். கீழே நெருப்பு அணைந்துவிட்டது என்று மனசு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. எச்சரிக்கை விளக்கு இல்லை. இரண்டாவது பேக்கைப் பத்து நிமிடம் ஓட விட்டால் என்ன ஆகிவிடும்?

என் கை தலைக்கு மேலே இருக்கிற சுவிட்சுக்குப் போனது. விரல் அதைத் தொட்டுவிட்டது.

"சார், வேணாம்."

சத்தம் போடவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. ஆனால் "சார், அது சரியா இருக்குமா" என்றோ "நாம கொஞ்சம் யோசிக்கலாமா" என்றோ இழுக்கவில்லை. இரண்டே சொல்.

"விளக்கு அணைஞ்சிடுச்சும்மா. பின்னாடி ஆளுங்க தவிக்கிறாங்க."

"விளக்குதான் சார் அணைஞ்சிருக்கு. நெருப்பு அணைஞ்சுதுன்னு நமக்குத் தெரியாது. செக்லிஸ்ட்ல திருப்பிப் போடச் சொல்லி ஒரு வரியும் இல்ல. இப்ப காத்து குடுத்தா வைக்கோல் போரைக் கிளறி விட்ட மாதிரி ஆயிடும்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நான் பறந்த மணிக்கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பெண் பறந்ததில்லை. வைக்கோல் போராம். இரண்டு மூன்று விநாடி கை அங்கேயே இருந்தது. அந்த விநாடிகளில் எனக்குள் ஓடியது நெருப்பைப் பற்றியோ பயணிகளைப் பற்றியோ இல்லை. இந்தப் பெண்ணிடம் நான் தோற்பதா என்பதுதான் ஓடியது. பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது தப்பென்றால் என்ன நட்டம்? இன்னும் இருபது நிமிடம் வியர்க்கும். நான் செய்வது தப்பென்றால்?

கையை எடுத்தேன்.

"சரி. அப்போ அந்த அம்மாவுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"முன்னாடி வரிசைக்குக் கொண்டு வந்துடலாம் சார், அங்க காத்து கொஞ்சம் நல்லா வரும். தண்ணி குடுக்கச் சொல்லலாம். அப்புறம், ஏன் வெக்கையா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதே சார். நீங்க சொன்னா தாங்கிக்குவாங்க."

அதுவும் சரிதான். பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து நான் மறைத்திருந்தேன். மறைத்ததால் பயம் குறையவில்லை, கோபம்தான் கூடியது. மைக்கை எடுத்து முதலில் தமிழில் சொன்னேன்.

"நான் உங்க கேப்டன் பேசறேன். கீழ பெட்டிங்க வைக்கிற அறையில புகை எச்சரிக்கை வந்துது. அணைக்கிற வாயுவைத் திறந்து விட்டுட்டோம். அதுக்கு மேல காத்து போகக்கூடாதுன்னுதான் ஏ.சி.யைக் குறைச்சிருக்கோம். ஏ.சி. கெட்டுப்போகல, நாங்களே குறைச்சிருக்கோம். இருபது நிமிஷத்துல கோவாவுல இறங்கிடுவோம். இந்த வெக்கை உங்க பாதுகாப்புக்குத்தான். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ஸ்டெல்லா பிறகு சொன்னார். கேபின் அப்படியே அமைதியாகிவிட்டதாம். எழுந்து நின்று சத்தம் போட்டவர் உட்கார்ந்து, தன் முன்னாலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்துவிட்டாராம்.

இரண்டு நிமிடம் கழித்து ஸ்டெல்லா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"கேப்டன், காதர்னு ஒரு பயணி. கோட்டக்குப்பம். அவரா மணி அடிச்சு என்னைக் கூப்பிட்டாரு. அவரோட பெட்டி கீழ இருக்காம். அதுக்குள்ள எலெக்ட்ரிக் சைக்கிளுக்குப் போடற பெரிய பேட்டரி இருக்காம். போடும்போது யாரும் கேக்கலன்னு சும்மா இருந்துட்டாராம். 'எம் பொட்டியாத்தான் இருக்கும்மா, கேப்டன்கிட்ட ஜல்தியா சொல்லிடு'ங்கிறாரு. அழுவுறாரு."

நானும் துணை விமானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மாதிரி பேட்டரி ஒரு தடவை பற்றிக்கொண்டால் தனக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். வாயு மேலே படிந்திருக்கும் வரை சுற்றியுள்ள பெட்டிகள் பற்றாது. வாயு நீர்த்துப்போனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பற்றும். விளக்கு அணைந்ததற்கு அர்த்தம் அவ்வளவுதான். நான் தொட்ட சுவிட்சைத் திரும்ப ஒரு முறை பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"அவர்கிட்ட சொல்லுங்க, சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னு," என்றேன் ஸ்டெல்லாவிடம். மனசுக்குள் காதர் பாயைத் திட்டிக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னது நிஜம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

கோவாவில் இறங்கி ஓடுபாதையிலேயே நின்றோம். தீயணைப்பு வண்டிகள் சுற்றிக்கொண்டன. அவர்களின் தலைவர் ரேடியோவில் வந்தார். பின்பக்கம் வலதுபுறம் விமானத்தின் வெளித்தகடு சூடாக இருப்பதாகக் கருவி காட்டுகிறது என்றார். உடனே எஞ்சின்களை நிறுத்தி, இடது பக்கக் கதவுகள் வழியாக மட்டும் சறுக்குப் பலகையில் எல்லோரையும் இறக்கச் சொன்னேன். சரக்கு அறைக் கதவு வலது பக்கம்.

"கேப்டன், சரக்குக் கதவை இப்பவே திறந்துடட்டுமா?" என்று தீயணைப்புத் தலைவர் கேட்டார். அவர் ஆட்கள் தயாராக நின்றார்கள். அடிக்கத் தண்ணீர் இருக்கிறது, நெருப்பு இருக்கிற இடம் தெரிகிறது. அவருக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும்.

"கடைசி ஆள் இறங்கித் தூரமாப் போற வரைக்கும் வேண்டாம். நான் சொல்றேன்," என்றேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து தயங்காமல் வந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் எனக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை. அது வலது இருக்கையிலிருந்து கடன் வாங்கியது.

தலை சுற்றிய பெரியம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு சறுக்கி இறக்கினார்கள். கீழே வந்ததும் அவர் முதலில் கேட்டது தன் செருப்பை. இரண்டு பேருக்கு முழங்கை சிராய்ப்பு, ஒருவருக்குக் கணுக்கால் பிசகு, அவ்வளவுதான். ஸ்டெல்லா தலை எண்ணி, ஒருத்தரும் குறையவில்லை என்று சொன்ன பிறகு, நாங்கள் இருவரும் இறங்கித் தூரமாக நின்றுகொண்டு சைகை காட்டினோம்.

கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் வெள்ளையாகப் புகை வந்தது. பிறகு, வெளிக்காற்று உள்ளே போன வேகத்தில், குபுக்கென்று ஆரஞ்சு நிறத்தில் நாக்கு நீட்டியது. தீயணைப்புக்காரர்கள் நாலைந்து நிமிடத்தில் அடக்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் போயின. நான் பக்கத்திலிருந்த ஜீப்பின் பானெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் இரண்டாவது பேக்கைப் போட்டிருந்தால் வானத்திலேயே அப்படிப் பற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். பற்றியிருக்கலாம், பற்றாமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நூற்று எழுபத்துச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கப் போனேன் என்பது மட்டும் தெரியும்.

"அந்த வைக்கோல் போர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் சார். எங்க போர் ஒண்ணு உள்ளுக்குள்ள பொகைஞ்சிக்கினு இருந்துச்சு. தண்ணி ஊத்துனோம், பொகை நின்னுடுச்சு. எங்க மாமா, சரியாப் போச்சான்னு பாக்கலாம்னு நடுவுல குத்திக் கிளறுனாரு. அப்படியே எழும்பிடுச்சு சார். மாட்டுக் கொட்டகை போச்சு. மாடு தப்பிச்சுது. மாமாவுக்கு மீசை போச்சு."

அந்த ஓடுபாதை ஓரத்தில், தீயணைப்பு நுரைக்கு நடுவில், நாங்கள் இருவரும் மாமாவின் மீசையை நினைத்துச் சிரித்த சிரிப்பை ஸ்டெல்லா விசித்திரமாகப் பார்த்தார்.

காதர் பாய் என்னவானார் என்று உங்களுக்குக் கேள்வி இருக்கும். அதைச் சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். தண்டனையும் அனுபவித்தார். மகள் நிக்காஹ்வுக்கு அவர் வாங்கி வந்த துணிமணியும் எரிந்த பெட்டிகளோடு போயிற்று. விசாரணை எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து, மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சாப்பிடக் கூப்பிட்டார். கோட்டக்குப்பம் போய் வந்தேன். பிரியாணியை முடிக்கிற வரை அந்த மனிதர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், ஏ.சி. பத்துதா, கூட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அந்த மாதிரி நடந்தால் விமானிகள் இருவரும் தனித்தனியாக அறிக்கை எழுதித் தர வேண்டும். விசாரணை முடிகிற வரை பறக்கவும் முடியாது. நான் திண்டிவனத்துக்கு வந்துவிட்டேன், அவர் முகையூருக்குப் போய்விட்டார். என் முதல் அறிக்கையில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. என் கை சுவிட்சுக்குப் போனதை எழுதவில்லை. போட்டால்தானே எழுத வேண்டும், போடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் எழுந்து படித்துப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது. தவறே செய்யாத ஒரு கேப்டன் அதில் இருந்தான். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து எங்கள் கம்பெனியின் தலைமை விமானியிடமிருந்து போன்.

"உங்க அறிக்கையில ஒரு பத்தி இருக்கு, அந்தப் பொண்ணோட அறிக்கையில அது இல்ல. எதை எடுத்துக்கிறது?" என்றார். "ஓய்வு பெறப்போற நேரத்துல இது எதுக்குங்க? வேணும்னா எடுத்துடுங்களேன்."

"வேண்டாம். அவங்ககிட்ட நான் பேசறேன். எதை எழுதணும்னு சொல்ல மாட்டேன், ஏன் எழுதலன்னு மட்டும் கேக்கறேன்," என்றேன்.

மறுநாள் விழுப்புரத்தில் சந்தித்தோம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. அவர் முகையூரிலிருந்து பஸ்ஸில் வந்து, ஒரு மஞ்சப்பை நிறைய வறுத்த மல்லாட்டை கொண்டு வந்திருந்தார். அவங்க அம்மா கொடுத்தனுப்பியதாம்.

"ஏம்மா அதை எழுதல?"

அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நீங்க போடலையே சார்."

"அதைத்தான் நானும் முதல்ல எனக்குச் சொல்லிக்கினு இருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "உங்களை மாட்டிவிடற மாதிரி இருக்கும்னு தோணுச்சு சார். நீங்க பெரியவரு. இத்தனை வருசம் ஒரு கறையும் இல்லாம ஓட்டியிருக்கீங்க. நான் ஒரு வரி எழுதி அதைக் கெடுக்கணுமா?"

"மேல இருந்தப்போ இந்த மரியாதை எங்க போச்சு?"

"அப்போ மரியாதை பாக்க நேரமில்ல சார்."

"அதே போதும். அதைத்தான் நான் கேட்டது," என்றேன். "நாளைக்கு உங்களை மாதிரியே ஒருத்தர் வலது பக்கம் உக்காந்திருப்பாரு. இடது பக்கம் என்னை மாதிரி ஒரு பெரியவர் கையைத் தூக்குவாரு. அவரும் நல்லவராத்தான் இருப்பாரு, பின்னாடி யாரோ தவிக்கிறாங்கன்னு இரக்கப்பட்டுத்தான் தூக்குவாரு. இப்படி நடக்கும், வேண்டாம்னு சொல்லலாம், சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நாம ரெண்டு பேரும் எழுதாம போனா யார் எழுதுவாங்க?"

அவர் மல்லாட்டையை உடைத்து எனக்குப் பாதி வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்தக் கடை மேசையிலேயே, திருத்தமாகச் சேர்க்க வேண்டியதை எழுதினார். அலுவலகத்துக்கு அனுப்பும் முன் எனக்குக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகக் காட்டினார்.

மூன்றே வாக்கியம். இரண்டாவது பேக்கைப் போட கேப்டனின் கை சுவிட்சுக்குச் சென்றது. நான் வேண்டாம் என்றேன். கேப்டன் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாக்கியம் அந்த அறிக்கைக்குத் தேவையே இல்லை. என்னைப் பற்றி இதுவரை யார் எழுதியதிலும் எனக்கு அதுதான் பெருமை.